ஸ்பெக்ட்ரா 6 வண்ண இ-இங்க் பேனலில் ஓவியம் வெளிறித் தெரிகிறது: பேனலின் குறையா, என் அமைப்பின் குறையா?

கீற்றுக்கொட்டகை எழுதியது:

வணக்கம். வரவேற்பறைச் சுவரில் நாளுக்கு ஓர் ஓவியம் தானாக மாறும்படி ஒரு சட்டம் செய்து மாட்ட வேண்டும் என்று ஓராண்டாக எண்ணிக்கொண்டிருந்து, இப்போதுதான் பொருள்களை வாங்கினேன். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினி போர்டு (இனி 'பை') ஒன்று, தாள் போலத் தெரியும் 7.3 அங்குல ஸ்பெக்ட்ரா 6 வகை வண்ண இ-இங்க் பேனல் ஒன்று, அதனுடன் வந்த இணைப்பு போர்டு ஒன்று. பேனலில் 800×480 பிக்சல்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என ஆறு நிறங்கள் மட்டும். இணைப்பு போர்டை பையின் மீது நேராகச் செருகினால் சட்டத்தின் கனம் கூடிவிடும் என்பதால் ஜம்பர் கம்பிகளால் இணைத்திருக்கிறேன்.

இரண்டு சிக்கல்கள். முதலாவது, நிரலை ஓட்டினால் சில வேளைகளில் படம் வருகிறது. சில வேளைகளில் பேனல் தயாராகக் காத்திருப்பதாக ஒரு வரியை அச்சிட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டாவதுதான் என்னை வருத்துவது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தன் படங்களை 2017 முதல் கட்டுப்பாடின்றி வழங்குவதால், அங்கிருந்து ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் 'பெரும் அலை' என்ற மரச்செதுக்கு அச்சுப் படத்தை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். அலையின் கருநீலம் சாம்பலாகத் தெரிகிறது. வானத்தில் மணலை வாரித் தூவியது போலப் புள்ளிகள். படம் முழுவதன் மீதும் ஒரு மூட்டம். கைப்பேசியில் அதே கோப்பு மிக அழகாக இருக்கிறது. பேனலைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இன்னும் மூன்று நாள்கள்தான் உள்ளன. திருப்பிவிடலாமா?

தாமிரக்கம்பி எழுதியது:

திருப்ப வேண்டாம், பொறுங்கள். முதல் சிக்கலைத் தீர்க்காமல் இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இந்தப் பேனலுக்குப் போகும் கம்பிகளில் பிஸி என்ற ஒன்று மட்டும் பேனலிலிருந்து பைக்கு வரும் செய்தியைத் தாங்குகிறது. மற்றவை எல்லாம் பையிடமிருந்து பேனலுக்குப் போகும் கட்டளைகளும் தரவும் மின்சாரமும். உங்கள் பேனலில் ஒரு படத்துக்கு ஒரு பிக்சலுக்கு 4 பிட் என்ற கணக்கில் 1,92,000 பைட்டுகள் போக வேண்டும். எஸ்பிஐ என்ற தரவுத் தடத்தின் வழியாக 4 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அனுப்பினால்கூட இது அரை நொடிக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு 20 நொடிக்கு அருகில் திரை மின்னி மின்னி நிறம் மாறுகிறதே, அந்த நேரமெல்லாம் நிறத் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து இடம் பிடிப்பதற்கானது. அதுவரை நிரல் காத்திருக்க வேண்டும் என்பதை அறிவிப்பதுதான் பிஸி. அந்தக் கம்பி சரியான பின்னில் இல்லாவிட்டால், எதனோடும் இணையாத பின்னை நிரல் படிக்கும். அது தோன்றியபடி உயர்ந்தும் தாழ்ந்தும் காட்டும். தாழ்ந்தால் நிரல் நின்றுவிடும். உயர்ந்தால் பேனல் வேலையை முடிக்கும் முன்பே அடுத்த கட்டளை போய்விடும். உங்களுக்குச் சில வேளைகளில் மட்டும் படம் வருவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

பின்களைச் சரிபாருங்கள். ஜிபிஐஓ எண்ணையும் (நிரலில் பின்னைக் குறிக்கும் எண்) பின் வரிசை எண்ணையும் (போர்டில் எண்ணினால் வரும் எண்) குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். வழக்கமான இணைப்பு இது: தரவு 19ஆம் பின், கடிகாரம் 23, சிஎஸ் 24, டிசி 22, ரீசெட் 11, பிஸி 18. ஜிபிஐஓ 24 என்பது 18ஆம் பின். 24ஆம் பின் என்பது ஜிபிஐஓ 8. உங்கள் இணைப்பு போர்டில் பிடபிள்யூஆர் என்றொரு கம்பியும் இருந்தால் அது 12ஆம் பின்னுக்குப் போக வேண்டும்.

கீற்றுக்கொட்டகை எழுதியது:

நன்றி அண்ணா. டார்ச் அடித்து எண்ணிப் பார்த்தேன். பிஸி கம்பி 18க்குப் பதிலாக 16இல் செருகியிருந்தது. மாற்றிச் செருகிய பிறகு பத்து முறை தொடர்ந்து ஓட்டினேன். ஒரு முறையும் நிற்கவில்லை. மூட்டம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

சுருள்வில் எழுதியது:

மூட்டத்துக்குக் காரணம் பேனல் இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். நானும் இதே இடத்தில் இரண்டு வாரம் தவித்திருக்கிறேன். சற்று நீளமாகச் சொல்கிறேன்.

ஆறு நிறங்களை வைத்துக்கொண்டு ஆயிரம் நிறங்களைக் காட்ட முடியாது. ஆறு நிறப் புள்ளிகளைக் கலந்து தூவினால், ஓர் அடி தள்ளி நின்று பார்க்கும் கண் அவற்றைச் சேர்த்து வேறொரு நிறமாக எடுத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் டிதரிங். ராபர்ட் ஃபிளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பர்கும் 1976இல் வெளியிட்ட முறையைத்தான் பைத்தானின் பில்லோ நூலகம் இன்றும் பயன்படுத்துகிறது. ஒரு பிக்சலுக்கு மிக நெருங்கிய நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதில் ஏற்பட்ட பிழையை 16 பங்காக்கி, வலப்பக்கப் பிக்சலுக்கு 7 பங்கு, கீழ் வரிசையில் இடது, நடு, வலது பிக்சல்களுக்கு முறையே 3, 5, 1 பங்கு எனக் கடனாகத் தள்ளிவிடும் முறை அது. கணக்கு அழகானது. ஆனால் அந்தக் கணக்குக்கு நாம் கொடுக்கும் எண்கள் இரண்டு வகையில் பொய்.

முதல் பொய், பேனலின் நிறங்களைப் பற்றியது. பேனலுடன் தரப்படும் மாதிரி நிரலில் வெள்ளை 255, 255, 255 என்றும் பச்சை 0, 255, 0 என்றும் எழுதியிருக்கும். பேனலில் அப்படி ஒரு பச்சை எங்கே இருக்கிறது? ஒரு வெள்ளைத் தாளைப் பேனலின் அருகில் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒரே புகைப்படத்தில் எடுத்து, தாளை 255 என்று கொண்டு பேனலின் வெள்ளையை அளந்து பாருங்கள். என்னுடையதில் அது 190ஐ ஒட்டித்தான் வந்தது. பச்சை கரும்பச்சையாகவும் நீலம் மை போலவும் இருக்கின்றன; மஞ்சள் ஒன்றுதான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது. ஆறு நிறங்களையும் பட்டையாகப் போட்டு இப்படி அளந்து, அந்த எண்களையே நிறப் பட்டியலாகக் கொடுத்தால், டிதரிங் எந்தப் புள்ளியை எவ்வளவு தூவ வேண்டும் என்பதைச் சரியாகக் கணக்கிடும். அளந்த வெள்ளையும் கறுப்பும் படத்தின் வெள்ளையையும் கறுப்பையும் எட்ட மாட்டா என்பதால், டிதரிங்குக்கு முன்பே படத்தின் வெளிச்ச வீச்சை அந்த இரண்டுக்கும் நடுவே அடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பிழை தீராமல் பக்கத்துப் பிக்சல்களில் சேர்ந்து வழியும்.

இரண்டாவது பொய்தான் உங்கள் மூட்டம். கோப்பில் 128 என்று எழுதியிருக்கும் சாம்பல், வெளிச்சத்தின் அளவில் பாதி ஆகாது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். திரைக்கோப்புகளில் எண்கள் கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வளைத்து எழுதப்பட்டிருப்பதால் இப்படி. பில்லோ அந்த வளைவைக் கணக்கில் எடுக்காமல் 128ஐப் பாதி என்றே கொண்டு, பாதிப் புள்ளிகளை வெள்ளையாக்கிவிடுகிறது. பாதிப் புள்ளிகள் வெள்ளையானால் கண்ணுக்கு அது 188 போலத் தெரியும். ஆக, நிழற்பகுதிகள் எல்லாம் தாமாக வெளிறுகின்றன. அலையின் அடியில் இருக்கும் கருநீலம் சாம்பலானது இதனால்தான். செய்ய வேண்டியது: படத்தையும் நிறப் பட்டியலையும் முதலில் அந்த வளைவை நீக்கி நேரியல் வெளிச்ச அளவுக்கு மாற்றி, அங்கே டிதரிங் செய்ய வேண்டும். பில்லோவில் இதற்கு நேரடி வழியில்லை. பைத்தானின் நம்பை என்ற கணித நூலகத்தைக் கொண்டு நாற்பது வரிகளில் நாமே எழுதிக்கொள்ளலாம். ஜீரோ 2 டபிள்யூவில் அது மெதுவாகத்தான் ஓடும், ஓடட்டுமே, நாளைக்கு ஒரு படம்தானே.

நேரமில்லை என்றால் குறுக்குவழியும் உண்டு. டிதரிங்குக்கு முன் நிழற்பகுதிகளைப் படம் திருத்தும் நிரலின் வளைகோட்டால் நன்றாக இருட்டாக்குங்கள். நிறச் செறிவைக் கூட்டுங்கள். சரியான முறை ஆகாது, ஆனால் ஐந்து நிமிடத்தில் முக்கால் பங்கு பலன் கிடைக்கும்.

வானத்து மணலுக்குக் காரணம் வேறு. அச்சுத்தாளின் வெண்மை நாளடைவில் பழுப்பேறியிருக்கிறது. அந்தப் பழுப்பைக் காட்ட வெள்ளையின் நடுவே மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் தூவப்படுகின்றன. தாளின் நிறத்தை வெள்ளைக்கு உயர்த்திவிட்டால் மணல் போய்விடும்.

இரவுப்பணி எழுதியது:

சுருள்வில் ஐயா சொன்ன மற்ற அனைத்தையும் ஏற்கிறேன். தாளின் பழுப்பை நீக்கச் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. ஏறத்தாழ 1831இல் அச்சான ஒரு படத்தின் தாள் அத்தனை ஆண்டுகளில் பெற்ற நிறம் அந்தப் படத்தின் ஒரு பகுதி. அருங்காட்சியகம் அக்கறையோடு நிறம் பிசகாமல் படமெடுத்துக் கொடுத்ததை நாம் வீட்டில் வெளுத்துப் போடுவதென்றால், நாட்காட்டியில் அச்சடித்ததையே மாட்டிக்கொள்ளலாம்.

சுருள்வில் எழுதியது:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நாம் படத்தைக் காட்டுவது ஒளிரும் திரையில் இல்லை; அதுவே ஒரு தாள், அதுவும் ஏற்கெனவே சாம்பல் படிந்த தாள். அதன் மீது பழுப்புத் தாளின் படத்தை அச்சிடும்போது, தாளுக்கு மேல் தாள் என்று இரண்டு முறை இருட்டாகிறது. மேலும் வானத்தில் தெரியும் மணல் ஹொக்குசாயும் போடவில்லை, காலமும் போடவில்லை. ஆறு நிறங்களின் பற்றாக்குறை போட்டது. மரச்செதுக்கு அச்சுக்கு மட்டுமே இதைச் சொல்கிறேன். எண்ணெய் வண்ண ஓவியங்களில் நான் பின்னணியைத் தொடுவதில்லை.

இரவுப்பணி எழுதியது:

மரச்செதுக்கு அச்சுக்கு மட்டும் என்றால் பாதி ஒத்துக்கொள்கிறேன். என் சட்டத்தில் பழுப்பு இருக்கட்டும்.

கீற்றுக்கொட்டகை எழுதியது:

இரண்டு இரவுகள் உட்கார்ந்து எழுதி முடித்தேன். அலை இப்போது கருநீலமாகவே இருக்கிறது, மூட்டம் போய்விட்டது. பேனலைத் திருப்பும் எண்ணத்தையும் கைவிட்டேன். மகிழ்ச்சியில் அடுத்ததாக வான்கோவின் 1889ஆம் ஆண்டு ஓவியமான 'சைப்ரஸ் மரங்களுடன் கோதுமை வயல்' படத்தைப் போட்டேன். அதுவும் மெட்ரோபாலிடனில் இருப்பதுதான். கோதுமை மஞ்சளாக, மிக அருமையாக வந்திருக்கிறது. சைப்ரஸ் மரங்களோ நல்ல நீல நிறத்தில் நிற்கின்றன! வானத்தில் நீலமே இல்லை. என் மனைவி இப்படியே நன்றாக இருக்கிறது என்கிறார். நான் எங்கே தவறினேன்?

சுருள்வில் எழுதியது:

உங்கள் நிறப் பட்டியலில் ஆறு நிறங்களையும் இடைவெளியின்றி 0 முதல் 5 வரை வரிசையாக எழுதியிருப்பீர்கள். பேனல் எதிர்பார்க்கும் எண்கள் அப்படி இல்லை: கறுப்பு 0, வெள்ளை 1, மஞ்சள் 2, சிவப்பு 3, நீலம் 5, பச்சை 6. நான்காம் எண் காலியாக விடப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் பச்சை என்று நினைத்து அனுப்பிய 5 பேனலில் நீலமாகிறது; நீலம் என்று அனுப்பிய 4க்கு உரிய நிறமே இல்லை. அலையில் இது கண்ணில் பட்டிருக்க வேண்டுமே என்று வியந்தேன். அதைக் குறுக்குவழியில் செய்து, பழைய பட்டியலையே பயன்படுத்தியிருப்பீர்கள்.

எண்களோடு மல்லுக்கு நிற்காமல் தப்பிக்க ஒரு வழி: உங்கள் டிதரிங் முடிந்ததும் ஒவ்வொரு பிக்சலையும் மாதிரி நிரலில் உள்ள தூய நிறத்துக்கு மாற்றி, சாதாரண வண்ணப் படமாகவே நூலகத்திடம் கொடுத்துவிடுங்கள். எல்லாப் பிக்சலும் ஏற்கெனவே தூய நிறமாக இருப்பதால் அது இரண்டாம் முறை டிதரிங் செய்தாலும் தள்ளிவிடப் பிழை ஏதும் இருக்காது. எண்களை அதுவே சரியாகப் போட்டுக்கொள்ளும்.

கீற்றுக்கொட்டகை எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். அலை குறுக்குவழிதான். மரங்கள் பச்சையாகிவிட்டன.

புள்ளிக்கோலம் எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 7.5 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பேனலில், அதுவும் 800×480 தான், நாளுக்கு ஒரு சிக்குக் கோலம் காட்டுகிறேன். அம்மா ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் வரைந்து வைத்திருந்த கோலங்களை, புள்ளி வரிசையும் வளைவுகளுமாகப் பிரித்து நிரலாக எழுதி வரைய வைத்தேன். ஸ்கேன் செய்து போட்டபோது கோட்டின் ஓரமெல்லாம் அரித்தது போல இருந்தது. காரணம், ஸ்கேனில் கோட்டோரம் சாம்பலாக இருக்கிறது. அந்தச் சாம்பலை டிதரிங் புள்ளிகளாக்கிவிடுகிறது. கோட்டுச் சித்திரத்துக்கு டிதரிங்கே கூடாது. இரண்டு நிறம் மட்டும் கொண்ட படமாக நேரடியாக வரைந்து அனுப்பினால், அரிசி மாவில் இழுத்த கோடு போலத் திருத்தமாக நிற்கிறது. இந்தப் பேனலில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், ஐந்து பிக்சல் கனத்தில் இழுத்தால் ஒரு மில்லிமீட்டர் கோடு. கறுப்புத் தரையில் வெள்ளைக் கோடாகப் போடுங்கள், மாற்றிப் போட்டால் கோலமாகத் தெரியாது.

கீற்றுக்கொட்டகை எழுதியது:

அருமை. அந்த நிரலைப் பகிர முடியுமானால் தனி இழையாகவே தொடங்குங்கள். இனி சுவரில் மாட்டும் வேலைதான் மிச்சம். சட்டத்துக்குப் பின்னால் ஒரு பவர் பேங்க் வைத்துக் கம்பியே இல்லாமல் ஓட்ட நினைக்கிறேன். 10,000 மில்லிஆம்பியர்-மணி உள்ளது ஒன்று கையில் இருக்கிறது. எத்தனை நாள் தாங்கும்?

தாமிரக்கம்பி எழுதியது:

இரண்டு நாள்.

இ-இங்க் படத்தைத் தாங்க மின்சாரமே செலவழிக்காது என்பது உண்மை. துகள்கள் நகர்ந்து நின்ற இடத்திலேயே நின்றுவிடும். செலவழிப்பது பைதான். வேலையின்றி இருக்கும்போதும் அது அரை வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும்; பவர் பேங்கின் 10,000 என்பது உள்ளே 3.7 வோல்ட்டில் சொல்லப்படும் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் இழப்புப் போக 30 வாட்-மணி கிடைத்தால் பெரிது. ஜீரோ 2 டபிள்யூவில் தன்னைத் தானே அணைத்து மறுநாள் காலையில் எழுந்துகொள்ள நேரக்கடிகாரம் கிடையாது. அதற்கென்று கடிகாரத்தோடு கூடிய மின்கல போர்டுகள் விற்கின்றன; அவை பையை எழுப்பி, வேலை முடிந்ததும் மின்சாரத்தையே வெட்டிவிடும். நாளுக்கு இரண்டு நிமிடம் மட்டும் ஓடினால் அதே மின்கலம் மாதக்கணக்கில் வரும். அல்லது டிதரிங்கை வீட்டுக் கணினியில் முடித்து, அந்த 1,92,000 பைட்டுகளை மட்டும் ஈஎஸ்பி32 என்ற சிறு வைஃபை சிப் வந்து எடுத்துப் போகும்படி செய்யலாம். அதன் ஆழ்ந்த உறக்கத்தில் சிப் இழுப்பது மைக்ரோஆம்பியர் அளவுதான். நான் சுவரில் ஒரு சிறு காடி வெட்டிக் கம்பியை உள்ளே விட்டு அடாப்டரிலேயே வைத்துவிட்டேன், அதுவே நிம்மதி.

அடாப்டரில் வைத்தால் இரண்டு செய்திகள். மின்சாரம் திடீர் திடீரென்று போகும் வீடு என்றால், அமைப்பு நிரலில் உள்ள ஓவர்லே கோப்பமைப்பைச் செயல்படுத்தி எஸ்டி கார்டைப் படிக்க மட்டும் என்று ஆக்கிவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெடும். மற்றது, நிரல் முடியும்போது பேனலை உறக்கக் கட்டளையால் கட்டாயம் உறங்க வையுங்கள். உயர் மின்னழுத்தத்திலேயே நெடுநேரம் விட்டால் பேனல் பழுதாகும். 180 நொடிக்கு ஒரு முறைக்கு மேல் மாற்ற வேண்டாம். 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். நாளுக்கு ஒரு படம் என்பது இந்தப் பேனலுக்கென்றே அமைந்த கணக்கு.

இரவுப்பணி எழுதியது:

சட்டம் போடுவதைப் பற்றி என் அனுபவம் ஒன்று. எங்கள் தெருவில் சட்டம் போடும் கடையில் பேனலைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். கடைக்காரர் புகைப்படத்துக்குச் செய்வது போலப் பின்பக்க அட்டையை அழுத்திப் பிடித்துச் சிற்றாணி அடித்திருக்கிறார். பேனலின் அடிப்பாகம் மெல்லிய கண்ணாடி. திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தால், கீழ் மூலையிலிருந்து குறுக்கே ஒரு கோடு, அதற்கு அப்பால் நிறமே மாறவில்லை. அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அது கண்ணாடி என்று நான்தான் சொல்லவில்லை.

இரண்டாம் முறை சட்டத்தையும் மவுண்ட் அட்டையையும் மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டேன். தெரியும் பகுதி 160×96 மில்லிமீட்டர். அட்டையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். பின்னால் பஞ்சு நாடாவை ஒட்டிப் பேனலை மெதுவாகத் தாங்க விடுங்கள். ரிப்பன் கேபிளை மடிக்காதீர்கள், வளையுங்கள். முன்னால் கண்ணாடி வேண்டாம். தாள் போலத் தெரியும் ஒன்றின் மீது சன்னலின் பிரதிபலிப்பு விழுந்தால் எல்லாம் கெட்டுவிடும். நேர் வெயில் படும் சுவரும் வேண்டாம்.

கீற்றுக்கொட்டகை எழுதியது:

மாட்டிவிட்டேன். அடாப்டர்தான், தாமிரக்கம்பி அண்ணா சொன்னபடி. அலையை வெட்ட மனமில்லாமல் முழு உயரத்தில் வைத்து, இருபுறமும் 46 பிக்சல் வெள்ளை விட்டிருக்கிறேன். அட்டையின் தொடர்ச்சி போலவே தெரிகிறது.

ஒரே ஒரு சந்தேகம். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் செய்த, பாலத்தின் மீது திடீர் மழை பெய்யும் அச்சுப் படத்தைப் போட்டேன். சட்டத்தை நெடுக்காகத் திருப்பி மாட்டியும் மழைக்கோடுகளைக் காணவில்லை. பாலத்தில் எல்லோரும் வெயிலில் குனிந்து ஓடுவது போலிருக்கிறது.

சுருள்வில் எழுதியது:

பெரிய கோப்பிலிருந்து 480 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கும்போது, ஒரு பிக்சலைவிட மெல்லிய கோடுகள் பின்னணியோடு கலந்து இளஞ்சாம்பலாகிவிடுகின்றன. டிதரிங் அந்தச் சாம்பலைச் சிதறடித்துவிடுகிறது. ஒரே தாவலில் சுருக்காமல், முதலில் இருமடங்கு அளவுக்கு, அதாவது 960 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, அங்கே கோடுகளைச் சற்று இருட்டாக்கிக் கூர்மைப்படுத்தி, பிறகு பாதியாக்குங்கள். டிதரிங்கிலும் ஃபிளாய்டு-ஸ்டைன்பர்குக்குப் பதிலாக ஆப்பிளில் இருந்த பில் அட்கின்சனின் முறையை முயன்று பாருங்கள். அது பிழையின் எட்டில் ஆறு பங்கைத்தான் அண்டைப் பிக்சல்களுக்குத் தள்ளும், மிச்சத்தைக் கைவிட்டுவிடும். அதனால் மென்மையான நிழல்கள் சில போகும், ஆனால் மாறுபாடு கூடிக் கோடுகள் நிற்கும். வான்கோவுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கீற்றுக்கொட்டகை எழுதியது:

மழை வந்துவிட்டது. மேலே கருமேகத்துக்கு அடியில் இன்னும் சற்று மங்கல்தான், பாலத்தின் மீது ஒவ்வொரு கோடும் தனியாகத் தெரிகிறது. நிரலை இன்று இரவு இங்கேயே இணைக்கிறேன். நிறப் பட்டியலின் எண்கள் என் பேனலில் அளந்தவை என்பதால், எடுத்துப் பயன்படுத்துபவர்கள் தங்கள் பேனலை ஒரு முறை அளந்து மாற்றிக்கொள்ளவும்.